பையில் மிச்சமிருந்த காய்கள்

என் வாளைத் துருவாக்கித் தின்ற பிராணியைப் பற்றிப் பேச்செடுத்தால் என் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். உண்மையில் இல்லாத ஒரு வாள், அதைத் தின்றது உண்மையில் இல்லாத ஒரு பிராணி, இதற்குப் போய் இத்தனை வருஷம் ஒரு மனுஷன் வயிறெரிவானா என்று கேட்கிறார்கள். எரிவான். உங்கள் வாளாக இருந்திருந்தால் உங்களுக்கும் எரியும்.

எண்பதுகளின் நடுவில் நான் தர்மபுரியில், கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் உதவியாளனாக இருந்தேன். இன்ஸ்பெக்டர் ஜீப்பின் முன்பக்கம் உட்காருவார். நான் பின்னால் சோதனைக் கற்கள் இருக்கும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவேன். கம்பைநல்லூர், கடத்தூர், பென்னாகரம் என்று சந்தை சந்தையாகப் போவோம். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி வைத்து, எடை சரியாக நிற்க ஈயம் ஊற்றியிருப்பார்கள். அந்த ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகு வைத்து அடைத்த கற்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். கல்லை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் துரு ஏற்றி, தேய்த்து உதிர்த்து இளைக்க வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வேலையில் நாலு வருஷம் இருந்தால், பெற்ற தாய் அரிசி அளந்தாலும் படியின் அடியைத் தட்டிப் பார்க்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. ஒருமுறை தட்டியும் பார்த்துவிட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பென்னாகரம் சந்தையில் ஒரு பயறு வியாபாரியின் கல்லைப் பிடித்த அன்று, சாட்சிக் கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரவில்லை. பை நிறையக் காய்கறியோடு நின்றிருந்த ஒருவர் மட்டும் வந்து போட்டார். அந்த ஊர் மாட்டு டாக்டர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர். வீட்டுக்கு வாங்க, காப்பி சாப்பிட்டுப் போகலாம் என்றார். கேட்காமலே நல்லது செய்கிற ஆள்மேல் எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும் போனேன். அவருடைய மனைவி காப்பி கொடுத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

அவர்கள் குடியிருந்தது ஒரு பெரிய விவசாயக் குடும்பத்து வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் இருந்த வீட்டுக்காரருக்கு ராகியும் கடலையும் விளைகிற நிலம் நிறைய. நாற்பது தாண்டிய மனிதர். வாய் நிறைய வெற்றிலை. ஞாயிறுதோறும் அந்தப் பின்கட்டில் நடந்த எங்கள் ஆட்டத்தில் அவரும் நானும் அக்காவும் ஆடுகிறவர்கள், டாக்டர் நடத்துகிறவர்.

அது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன். டாக்டர் பெங்களூரில் படித்தபோது ஹாஸ்டலில் கூட இருந்த வெளிநாட்டுப் பையன் ஒருவன், ஊருக்குத் திரும்பும்போது ஒரு கட்டு ஜெராக்ஸ் தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனானாம். அதில் இருந்த ஆட்டம். பலகையும் கிடையாது, சீட்டும் கிடையாது. நடத்துகிறவர் ஒரு உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார். அந்த உலகத்தில் நம் ஒவ்வொருவருக்கும் ஒரு கற்பனை ஆள் உண்டு. இதோ ஒரு குகை, உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள் என்பார். நாம் செய்வதைச் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடையை உருட்டித் தீர்மானிக்க வேண்டும். பெரிய எண் வந்தால் நல்லது, சின்ன எண் வந்தால் ஆபத்து. என் ஆள் வீரன். அக்காவுடைய ஆள் ஒரு வைத்தியச்சி. வீட்டுக்காரர் திருடனாக இருக்கிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நெசத்துல நம்மால முடியலீங்க. இதுலயாவது இருந்து பார்க்குறேன்," என்றார்.

இருபது முகம் உள்ள பகடையை எங்களில் டாக்டரைத் தவிர யாரும் கண்ணால் கண்டதில்லை. அந்த வெளிநாட்டுப் பையன் தாளைக் கொடுத்தானே தவிரப் பகடையைக் கையோடு எடுத்துப் போய்விட்டான். அதற்கு வழி கண்டுபிடித்தவன் நான்தான். கடத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் மாதா கோவில் திருவிழாவில் வருஷா வருஷம் ஹவுஸி நடக்கும். பையிலிருந்து எண் போட்ட மரக்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூவுவார்கள். பழைய செட்டில் பாதி தொலைந்துவிட்டது என்று பங்குச் சாமியார் ஒதுக்கி வைத்திருந்ததை நான் கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றிலிருந்து இருபதுவரை பத்திரமாக இருந்தன. ஒரு கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையில் அவற்றைப் போட்டு, பையை அக்கா மடியில் வைத்துக்கொள்வார். நாங்கள் கைவிட்டு ஒரு காயை எடுத்து எண்ணைச் சொல்லுவோம்.

ஹவுஸியில் எடுத்த காயைத் திரும்பப் பைக்குள் போடுகிற வழக்கம் கிடையாது. சின்ன வயதிலிருந்து நான் பார்த்தது அப்படித்தான். அதனால் இங்கேயும் எடுத்த காயை ஒரு பித்தளைச் சொம்பில் போட்டுவிடுவோம். இருபதும் தீர்ந்த பிறகுதான் மறுபடி எல்லாவற்றையும் பைக்குள் கொட்டுவோம். பகடையில் ஒவ்வொரு உருட்டலுக்கும் இருபது முகமும் உண்டு என்பது அப்போது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. டாக்டருக்குக்கூட ஏறவில்லை. கதை சொல்லும் மும்முரத்தில் அவருக்கு ஒரு எண் வந்தால் போதும்.

எனக்கு மூன்றாவது மாதத்தில் ஏறியது.

பையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது, சொம்புக்குள் போனதை நினைவு வைத்திருப்பவனுக்குத் தெரியும். நான் நினைவு வைத்திருந்தேன். அதைத் தப்பு என்று அப்போது நினைக்கவில்லை. காதில் விழுந்ததை மறக்காமல் இருப்பது ஒரு குற்றமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பெரிய எண் காய்கள் மிச்சமிருந்தால் நான் முன்னால் பாய்வேன். சின்னக் காய்கள் மிச்சமிருந்தால் மரியாதையாக ஒதுங்கி, நீங்க போங்க, நீங்க போங்க என்பேன். அந்தச் சின்னக் காய்களை வீட்டுக்காரர் எடுத்துச் சுவரிலிருந்து விழுவார், கால் உடையும், கிணற்றில் முழுகுவார். இவருக்கு ராசியே இல்லை என்று எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்தேன்.

ஆறாவது மாதம் ஒரு பாலம் வந்தது. கயிறு அறுந்து தொங்கிய பாலம். அன்று நான் அக்காவைப் பார்த்து, "நீங்க மொதல்ல போங்க அக்கா, பின்னாடி நான் புடிச்சுக்கறேன்," என்றேன். பையில் இருப்பவை எனக்குத் தெரியும். அக்கா காயை எடுத்தார். வைத்தியச்சி ஆற்றில் விழுந்து செத்தாள். அக்கா அவளுக்கு ஒரு தனி நோட்டு வைத்திருந்தார். அவள் எந்த இலையால் எந்தக் காயத்தை ஆற்றினாள் என்பதெல்லாம் அதில் எழுதியிருந்தது. நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் ஒரு வில்லாளியை எழுதிக் கொண்டுவந்தார். முன்பு போல அவர் ஆட்டத்தில் பேசவில்லை. ஆட்டம்தானே, இதற்கெல்லாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது மாதம் எனக்கு வாள் கிடைத்தது. ஒரு ஏரியின் அடியில், செத்துப்போன ராஜா ஒருவன் கையில் பிடித்தபடி கிடந்தான். அவன் கையைப் பிரிக்கப் பதினெட்டுக்கு மேல் வர வேண்டும். பத்தொன்பதும் இருபதும் மட்டும் மிச்சமாகும்வரை நான் கரையில் உட்கார்ந்து பொழுது போக்கினேன். பிறகு முழுகி எடுத்தேன். டாக்டர் அந்த வாளை வர்ணித்ததை இன்றும் சொல்லுவேன். நீல நிற இரும்பு, விளிம்பில் ஒரு தழும்பு, உறையிலிருந்து உருவும்போது தண்ணீர் சொட்டும்.

நாலு அண்ணன்களுக்குப் பிறகு பிறந்தவன் நான். என் சட்டை, செருப்பு, சைக்கிள் எல்லாம் இன்னொருவர் உடம்பைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தன. நிலத்தில் இது என்னுடையது என்று காட்ட ஒரு வரப்புகூடக் கிடையாது. அலுவலகப் பெட்டி அலுவலகத்துடையது. அந்த வாள் ஒன்றுதான், செத்த ராஜாவைத் தவிர வேறு யாரும் எனக்கு முன்னால் வைத்திருக்காத பொருள். பஸ்ஸில் வரும்போது அதை நினைத்துக்கொண்டே வருவேன். சிரித்தால் சிரியுங்கள்.

வாள் வந்தபின் என் ஆளை எதுவும் அசைக்க முடியவில்லை. எந்தப் பிராணி வந்தாலும் ஒரே வெட்டு. ஒரு ஞாயிறு நான் பூசை முடிந்து நேராகப் பஸ் ஏறிப் பென்னாகரம் போனபோது டாக்டர் ஒரு மாட்டைப் பார்க்கப் போயிருந்தார். அந்த ஜெராக்ஸ் கட்டு மேசைமேல் கிடந்தது. நடத்துகிறவரைத் தவிர யாரும் அதைப் படிக்கக் கூடாது. நான் படித்தேன். என் கண் போன இடத்தில் ஒரு விஷயம் இருந்தது. ஆடுகிறவன் கையில் அளவுக்கு மீறின ஆயுதம் சேர்ந்துவிட்டால், அதை இல்லாமல் ஆக்கவும் சில வழிகள் உண்டு என்று. அதற்குக் கீழே ஜெராக்ஸ் மெஷின் அரைப் பக்கத்தைத் தின்றுவிட்டிருந்தது. எந்த வழி, எப்படி, ஒன்றும் தெரியவில்லை.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வாளுக்குக் குறி வைத்துவிட்டார்கள். எப்படிப் பறிப்பார்கள் என்பதுதான் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். இந்த ஆட்டத்தில் திருடன் யார்? வீட்டுக்காரர். டாக்டர் யார்? அவர் வீட்டில் குடியிருப்பவர். கணக்கு எனக்குச் சுத்தமாகப் பொருந்தியது. திருடனை விட்டு வாளைத் தூக்கப் போகிறார்கள்.

அதன்பின் நான் டாக்டரின் வாயைக் கவனிக்கவில்லை, கையைக் கவனித்தேன். சந்தையில் அப்படித்தான். வியாபாரி பேசிக்கொண்டே இருப்பான், கை தராசின் அடியில் ஏதோ செய்யும். வீட்டுக்காரர் வெற்றிலை மடிக்கும்போது டாக்டர் அவரைப் பார்த்தால், அது ஜாடை. டாக்டர் காப்பியை வலது கையில் எடுக்காமல் இடது கையில் எடுத்தால், அதுவும் ஜாடை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். மூன்று ஞாயிறு இப்படிப் போயின.

அந்த மூன்று ஞாயிறும் டாக்டர் ஒரு மலையடிவாரக் கிராமத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே கதவுகளுக்குக் கீல் இல்லை, கயிற்றால் கட்டியிருந்தார்கள். ஏரில் கொழு இல்லை, மரமுனையாலேயே மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார்கள். காவல்காரன் ஈட்டிக்குப் பதில் மூங்கில் கழி வைத்திருந்தான். ஒரு கிழவி எங்கள் இடுப்பைப் பார்த்து, அதையெல்லாம் கழற்றி ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு மேலே போங்கள் என்றாள்.

இதைக் கேட்ட எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இந்த ஊரே திருட்டு ஊர், இருந்த இரும்பையெல்லாம் எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டான், கிழவியும் கூட்டுக் களவாணி என்று. வாளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். தூங்கும்போதும் கையை எடுக்க மாட்டேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எழுதிக்கொண்டார்.

வீட்டுக்காரர் தன் கத்தியையும் கன்னக்கோலையும் ஆற்றங்கரையில் புதைத்துவிட்டார். அக்கா அம்பு முனைகளைக் கழற்றிப் போட்டார்.

"நீங்களும் போட்டுட்டு வாங்க தம்பி. திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்," என்றார் வீட்டுக்காரர்.

நான் போட்டுவிட்டுப் போனால் எடுப்பது யார் என்பது எனக்குத் தெரியாதா? "என் வாளு என்கிட்டயே இருக்கட்டுங்க," என்றேன்.

நாலாவது ஞாயிறு குகைக்கு ஏறினோம். வழியில் எல்லோரும் காய் எடுத்தபடி இருந்தோம். வீட்டுக்காரர் இரண்டாம் எண்ணை எடுத்துப் பாறையில் வழுக்கினார், முட்டி பெயர்ந்தது. பதினாலு காய்கள் சொம்புக்குப் போயிருந்தன. பையில் ஆறு காய் மிச்சம். பன்னிரண்டு, பதிமூன்று, பதினைந்து, பதினேழு, பத்தொன்பது, இருபது. இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்காது. குகைக்குள் எது இருந்தாலும் வரட்டும் என்று காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் ஓடி வந்தான். எருமை ஈன முடியாமல் தவிக்கிறது, கன்று குறுக்கே நிற்கிறது என்றான். டாக்டர் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எருமை வீட்டுக்காரரின் பங்காளி வீட்டு எருமை, அதனால் அவரும் கிளம்பினார். இரண்டு பேரும் தனியாகப் போனால் வழியில் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குப் பட்டது. நானும் வருகிறேன் என்று கூடவே போனேன். ஒரு மணி நேரம் எருமையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர்கள் பேசுவதை ஒன்றுவிடாமல் கேட்டேன். எருமையைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கன்று உயிரோடு வந்தது. நாங்கள் கைகால் கழுவித் திரும்பியபோது அக்கா பையோடும் சொம்போடும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் உற்சாகமாக இருந்தார். விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

குகையிலிருந்து ஒரு பிராணி வந்தது. கன்றுக்குட்டி உயரம், முதுகில் ஓடு, முகத்தில் இரண்டு நீண்ட மீசை. அது உறுமவில்லை, பாயவில்லை. மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தது. வீட்டுக்காரரின் திருடனை மோந்துவிட்டு விட்டுவிட்டது. அக்காவின் வில்லாளியை மோந்துவிட்டு விட்டுவிட்டது. என்னிடம் வந்ததும் அதன் வாயில் எச்சில் ஊறியது. முன்னால் வந்த யாரோ அன்றுதான் போட்டுவிட்டு ஓடிய இரும்புக் கம்பி ஒன்று குகை வாசலில் கிடந்தது. அதன்மேல் பிராணியின் மீசை பட்டதும் கம்பி செந்தூளாகக் கொட்டியது. பிராணி அதை நக்கித் தின்றது.

இதுதான் அந்த வழி. திருடன் இல்லை, இதுதான்.

"வாளைத் தூரமா வீசிடுங்க தம்பி. அது வாளு பின்னாடி போவும், நாம உள்ள போயிடலாம்," என்றார் வீட்டுக்காரர்.

"இன்னும் அது உங்களைத் தொடல. என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர்.

"வெட்டுறேன்."

"வாளு அது மேல பட்டா, பத்துக்குள்ள வந்தா துருவாப் போயிடும். பதினொண்ணும் அதுக்கு மேலயும் வந்தா தப்பிக்கும். யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது? பையில் பன்னிரண்டுக்குக் கீழே ஒரு காயும் கிடையாது. எனக்கு வந்தது பயமில்லை, கோபம். இத்தனை நாள் ஆட்டம் ஆடிவிட்டு ஒரு பொருளைக் கண் பொறுக்காமல் பறிக்கப் பார்க்கிறாரே இந்த மனுஷன், இவர் முகத்தில் கரியைப் பூசுகிறேன் பார் என்று நினைத்தேன். "வெட்டுறேன்னு சொன்னேன்ல டாக்டர்," என்று பைக்குள் கையை விட்டேன்.

கை உள்ளே போனதுமே காய்கள் அதிகமாகப் பட்டன. எடை பார்த்துப் பிழைக்கிற கை அது, ஆறு காய்க்கும் இருபது காய்க்கும் வித்தியாசம் தெரியாதா? தெரிந்தது. ஆனால் தெரிந்தது மண்டைக்குப் போய்ச் சேருவதற்குள் விரல் ஒரு காயைப் பிடித்து வெளியே கொண்டுவந்துவிட்டது.

இரண்டு.

"ரெண்டு வராது," என்றேன். "ரெண்டு எப்படி வரும்? ரெண்டு அப்பவே போயிடுச்சு. பன்னெண்டுக்குக் கீழ ஒரு காயும் கெடையாது பையில. யாரோ ஏமாத்தறீங்க."

அக்கா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டுக்குக் கீழ இல்லைனு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் அக்கா.

அவர் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். அதிலிருந்து காய்களுக்குப் பதில் நாலைந்து கொட்டைப்பாக்குகள்தான் உருண்டன. நாங்கள் எருமையிடம் போயிருந்தபோது பதினாலு காய்களையும் பைக்குள் போட்டுவிட்டிருக்கிறார். நான் ஆண்கள் இரண்டு பேர் பின்னால் காவலுக்குப் போனேன். பையை வைத்திருந்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எண்ணிக்கிட்டேவா இருந்தீங்க?" என்றார் வீட்டுக்காரர். அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. "அப்ப நான் கெணத்துல வுழுந்தது, கால ஒடைச்சுக்கிட்டது?"

டாக்டருக்கு விஷயம் கடைசியாகத்தான் புரிந்தது. காய்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ராசி இருக்குதுன்னு நெனச்சேங்க நான்," என்றார்.

மாட்டிக்கொண்டவன் சும்மா இருப்பானா? எத்தனை வியாபாரிகளைப் பார்த்திருக்கிறேன், கையும் களவுமாகப் பிடித்தால் உடனே தராசையும் இன்ஸ்பெக்டரையும் சேர்த்துத் திட்டுவார்கள். நானும் அதையே செய்தேன். "என் வாளைப் பறிக்கத்தானே இந்தப் பிராணியக் கொண்டு வந்தீங்க? உங்க தாள்ல நான் படிச்சேன் டாக்டர்," என்றேன். ஒரு குற்றத்தை மறைக்க இன்னொன்றை நானே எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் கத்தவில்லை. மாட்டுக்கு என்ன நோய் என்று சொந்தக்காரனுக்கு விளக்குகிற குரலில் பேசினார்.

"அரைப் பக்கந்தான் படிச்சிருக்கீங்க. மிச்சத்தை என் ஃப்ரெண்டு வாயால சொல்லிக் கேட்டிருக்கேன். பொருள் மேல கண்ணு வெச்சு இதைக் கொண்டு வரக் கூடாது. திடீர்னும் கொண்டு வரக் கூடாது. முன்னாடியே அடையாளம் காட்டணும், பொருளைக் காப்பாத்த ஒரு வழியாவது இருக்கணும். மூணு வாரமா நான் வேற என்ன சொல்லிட்டு இருந்தேன்?"

"கொழு இல்லாம ஏரு ஓட்றான்னு டாக்டரு சொன்னப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சுங்க," என்றார் வீட்டுக்காரர். "எவனாச்சும் வேணும்னு அப்படி ஓட்டுவானா? இந்த ஊருல இரும்பு நிக்கலேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதான் போட்டுட்டு வாங்கன்னு சொன்னேன்."

"அது உங்க மேல கோவத்துல வரலீங்க. அதுக்குப் பசி," என்றார் டாக்டர். "அது தின்ன இரும்பெல்லாம் குகைக்குள்ள சாணியாக் கெடக்கும். அள்ளிட்டு வந்து உருக்கினா மறுபடி வாளு அடிக்கலாம். அதையும் முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தேன். உங்களுக்குத்தான் அந்த வாளு எவ்வளவு பிடிக்கும்னு எனக்குத் தெரியுமே."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் மூன்று வாரம் அவர் கையைப் பார்த்தேன். அவர் அந்த மூன்று வாரமும் என் வாளைத் திருப்பிக் கொடுக்க வழி யோசித்திருக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் தடுக்கவில்லை.

அக்கா மட்டும் வாசல் கேட் வரை வந்தார்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பாலத்துல என்னை மொதல்ல போகச் சொன்னீங்களே. அப்பப் பையில என்ன இருந்துச்சு?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நாலு மாசத்துக்கு முந்தைய சமாச்சாரம், யார் நம்ப மாட்டார்கள்? ஆனால் அவர் அதைக் கேட்பதற்காகத்தான் அந்தச் சொம்பில் பாக்கைப் போட்டிருக்கிறார் என்று எனக்கு அப்போது புரிந்தது. வாளைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

"மூணு காய் இருந்துச்சுங்க அக்கா. ஒண்ணு, மூணு, நாலு."

"பாலத்துக்கு ஆறு வேணும்னு சொன்னாங்க."

"ஆமாங்க."

"எதை எடுத்திருந்தாலும் செத்திருப்பா."

"ஆமாங்க அக்கா."

அவர் தலையை ஆட்டினார். பின்னாடி நான் புடிச்சுக்கறேன் என்று நான் சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை. உள்ளே போய்விட்டார். தர்மபுரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் போகலாமா வேண்டாமா என்று பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினேன். நான் போனபோது ஆட்டம் தொடங்கியிருந்தது. என் இடத்தில் பாய் விரித்தபடியே இருந்தது. உட்கார்ந்தேன். அக்கா என் முன்னால் காப்பியை வைத்தார், எல்லோருக்கும் வைத்தது போலத்தான். சொம்பைக் காணவில்லை. எடுத்த காய் எடுத்த உடனே பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் குகையைச் சொன்னார். உள்ளே இருட்டு. அடியில் சாணிக் குவியல், அதில் நீல நிறம் மினுங்குகிறது. ஆனால் அங்கே போக ஒரு பலகைதான் உண்டு, நடுவில் உளுத்துப் போன பலகை. யார் முதலில் போகிறீர்கள் என்று கேட்டார்.

வீட்டுக்காரர் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். அக்கா பையின் வாயைத் திறந்து என் பக்கம் நீட்டினார். கையை விட்டேன். இருபது காயும் விரலில் பட்டன. எதைத் தொடுகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் மொதல்ல போறேன்," என்றேன்.